டுனாலியெல்லா சலைனா: உப்புநீர்ப் பாசியால் ஆவது என்ன, ஆகாதது என்ன

டுனாலியெல்லா சலைனா என்னும் உப்பு விரும்பும் பச்சை நுண்பாசியை ஆய்வுக்கூடங்களும் ஆலைகளும் எதற்காக வளர்க்கின்றன, அதற்குச் சொல்லப்படும் பல பயன்களில் எவை நடைமுறையில் நிலைபெற்றன என்பது கேள்வி. சுருக்கமாகச் சொன்னால், தொழில் அளவில் உறுதியாக நிலைத்திருப்பது பீட்டா கரோட்டின் எடுப்பது ஒன்றுதான். ஆய்வுலகில் இதன் மதிப்பு அதைவிடப் பெரியது. ஒரு செல் கடும் உப்பையும் கடும் ஒளியையும் எப்படித் தாங்குகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பச்சைப் பாசி வேறில்லை என்றே நான் கருதுகிறேன். கிளிசரால், எரிபொருள், மரபணு மாற்றத்தால் பெறும் புரதங்கள் போன்றவை நம்பிக்கையூட்டும் ஆய்வு முடிவுகளைத் தந்திருந்தாலும் சந்தையில் காலூன்றவில்லை. ஒன்று நிலைத்ததற்கும் மற்றவை நிலைக்காததற்கும் உரிய காரணங்கள் பெரும்பாலும் இந்தச் செல்லின் அமைப்பிலேயே இருப்பதால், விளக்கத்தை அங்கிருந்து தொடங்குவதே முறை.

இது ஒரே செல்லால் ஆன உயிர். செல்லின் நீளம் பெரும்பாலும் 5 முதல் 25 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். முன்முனையில் சம நீளமுள்ள இரண்டு கசையிழைகள் உண்டு. அவற்றை அசைத்து நீந்தும். கிண்ண வடிவிலான ஒரே பசுங்கணிகம் செல்லின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். நன்னீர்ப் பாசியான கிளாமிடோமோனாசுக்கு இது உறவு என்றாலும், அதற்குள்ள கெட்டியான செல் சுவர் இதற்கு இல்லை. மெல்லிய சவ்வும், அதன்மேல் சளி போன்ற ஒரு பூச்சும் மட்டுமே செல்லுக்கும் வெளி உலகுக்கும் இடையே நிற்கின்றன. கடல்நீரைவிடப் பல மடங்கு நீர்த்த உப்பிலிருந்து, உப்புப் படிகம் விழும் நிலையிலுள்ள செறிந்த உப்புநீர் வரை, இவ்வளவு அகன்ற வரம்பில் இந்தப் பேரினத்தின் பாசிகள் உயிர்வாழ்கின்றன. சுவரில்லாத செல் ஒன்றால் இது எப்படி முடிகிறது என்ற கேள்வியிலிருந்துதான் இதைப் பற்றிய அறிவியலின் பெரும்பகுதி வளர்ந்தது.

பிரான்சின் தெற்குக் கரையில் மோன்பெலியே அருகிலுள்ள உப்பளங்களின் செந்நிறத்தை ஆராய்ந்த மிஷேல் ஃபெலிக்ஸ் டுனால், அந்நிறத்துக்கு நுண்ணிய பாசிகளே காரணம் என்று 1838இல் தெரிவித்தார். 1905இல் ருமேனியத் தாவரவியலாளர் எமனோயில் தியோடரெஸ்கோ, தெக்கிர்கியோல் என்ற உப்பு ஏரியிலிருந்து எடுத்த பாசியை விவரித்து, டுனாலின் நினைவாகப் பேரினத்துக்குப் பெயரிட்டார். அதே ஆண்டில் கிளாரா ஹாம்பர்கர், சார்டினியா தீவின் காலியாரி உப்பளங்களில் கிடைத்த இதே பாசியை விரிவாக விவரித்தார். உப்பளத்தின் சிவப்பு முழுவதையும் இந்தப் பாசியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். படிகப் பாத்திகளிலும் இளஞ்சிவப்பு ஏரிகளிலும் நாம் காணும் நிறத்தில் பெரும்பங்கு, பாக்டீரியோரூபெரின் என்ற நிறமியைக் கொண்ட ஆர்க்கியா (பாக்டீரியாவைப் போல் தோன்றினாலும் தனிப் பிரிவைச் சேர்ந்த ஒருசெல் உயிர்கள்) வகை நுண்ணுயிர்களுடையது. டுனாலியெல்லா செல்லில் கரோட்டின் மிகுதியாக இருந்தாலும், அது பசுங்கணிகத்துக்குள் நுண்துளிகளாகத் திரண்டு கிடப்பதால், நீரின் நிறத்தில் அதன் பங்கு நாம் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

சுவரில்லாத செல்லைச் செறிந்த உப்புநீரில் இட்டால், உள்ளிருக்கும் நீர் வெளியேறிச் செல் சுருங்கும். டுனாலியெல்லாவும் முதலில் சுருங்கத்தான் செய்கிறது. ஆனால் அடுத்த சில மணி நேரத்தில் தன் பருமனைக் கிட்டத்தட்ட முழுமையாக மீட்டுக்கொள்கிறது. இந்த இடைவேளையில் அது செய்வது கிளிசரால் தயாரிப்பு. 1964இல் கிரெய்கி, மெக்லாக்லன் ஆகிய இருவர், டுனாலியெல்லா டெர்ஷியோலெக்டா என்ற உறவினத்தில் ஒளிச்சேர்க்கையின் விளைபொருளாகக் கிளிசரால் உருவாவதையும், நீரில் உப்பு கூடும்போது அதன் அளவு கூடுவதையும் காட்டினர். 1970களில் இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த அமி பென்-அமோட்சும் மோர்தாய் அவ்ரோனும், ஆஸ்திரேலியாவில் லெஸ்லி போரோவிட்ஸ்காவும் பிரௌனும், செல்லின் உட்புற அழுத்தத்தை வெளி உப்புக்கு ஈடாக வைத்திருப்பது இந்தக் கிளிசராலே என்பதை நிறுவினர். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 4 மோல் (பொருளின் துகள் எண்ணிக்கையை அளக்கும் வேதியியல் அலகு) சோடியம் குளோரைடு உள்ள நீரில் வளரும் செல்லுக்குள் கிளிசராலின் செறிவு ஏறத்தாழ 7 மோலை எட்டுகிறது. உப்பு நீரில் கரையும்போது இரண்டு அயனிகளாகப் பிரிவதை நினைவில் கொண்டால், இரு புறமும் எவ்வளவு நெருக்கமாக ஈடுகட்டப்படுகின்றன என்பது விளங்கும்.

ஏன் கிளிசரால்? செல்லுக்குள் உப்பையே நிறைத்து வெளியுப்பைச் சமன் செய்யும் உயிர்களும் உண்டு. உப்பு விரும்பும் ஆர்க்கியாக்கள் பொட்டாசியம் குளோரைடை உள்ளே திரட்டுகின்றன. அதற்கு விலையாக அவற்றின் புரதங்கள் பெரும்பாலானவை மிகுந்த உப்பில் மட்டுமே வேலை செய்யும்படி மாறிவிட்டன. ஆகவே அவை உப்புக் குறைந்த நீருக்குத் திரும்ப முடிவதில்லை. கிளிசரால் அப்படிப்பட்ட தடையை விதிப்பதில்லை. அது மிகுந்த செறிவில் இருந்தாலும் நொதிகள் தம் வேலையைச் செய்கின்றன. மழை பெய்து நீர் நீர்த்துவிட்டால், பாசி அந்தக் கிளிசராலை மீண்டும் மாவுச்சத்தாக மாற்றி வைத்துக்கொள்கிறது. உப்பு ஏறும்போது மாவுச்சத்தை உடைத்துக் கிளிசரால் ஆக்குகிறது. இதற்கு ஒளிகூடக் கட்டாயமில்லை. சேமித்த மாவுச்சத்து இருந்தால் இருட்டிலும் இது நிகழும். மற்ற செல்களின் சவ்வுகளில் கிளிசரால் எளிதில் ஊடுருவிக் கசிந்துவிடும். டுனாலியெல்லாவின் சவ்வு அதைக் கசியவிடாமல் பிடித்துவைத்திருப்பது தனித்துவமான பண்பு. இந்தப் பண்பு இல்லாவிட்டால் உள்ளே எவ்வளவு தயாரித்தாலும் பயனில்லாமல் போயிருக்கும்.

கிளிசரால் நீரைப் பிடித்துவைக்கும். ஆனால் சோடியத்தை வெளியே நிறுத்தாது. அந்த வேலை தனியே நடக்கிறது. வெளியே லிட்டருக்குப் பல மோல் சோடியம் இருக்கும்போதும் செல்லுக்குள் அது 0.1 மோல் அளவைத் தாண்டாமல் வெளியேற்றப்படுகிறது. அடர்ந்த உப்புநீரில் கரியமில வாயு குறைவாகவே கரையும். இரும்பும் எளிதில் கிடைக்காது. இவற்றுக்கு விடையாக, கரியமில வாயுவைச் செல் பெற உதவும், செறிந்த உப்பிலும் செயலிழக்காத கார்போனிக் அன்ஹைட்ரேஸ் நொதி ஒன்றும், விலங்குகளின் இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரினை ஒத்த புரதம் ஒன்றும் இதன் சவ்வில் இருப்பது கண்டறியப்பட்டது. டிரான்ஸ்ஃபெரின் போன்ற ஒன்று பாசியில் கிடைத்தது அப்போது பலருக்கும் வியப்பு அளித்தது. உவர் நிலத்தில் பயிர் வளர்ப்பதைப் பற்றி ஆராய்பவர்கள் இந்தப் பாசியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு இவையே காரணங்கள். ஆயினும் ஒரு செல்லால் ஆன உயிரின் உத்தியை, வேரும் தண்டும் இலையும் கொண்ட பயிருக்கு அப்படியே மாற்றிவிட முடியாது. இங்கிருந்து கிடைப்பது தனித்தனி மரபணுக்களைப் பற்றிய துப்பு. நெற்பயிருக்கு உடனே ஏற்றக்கூடிய தீர்வு என்று யாரேனும் சொன்னால் ஆதாரம் கேட்க வேண்டும்.

இனி கரோட்டினுக்கு வருவோம். தகுந்த சூழலில் டுனாலியெல்லா சலைனாவின் உலர் எடையில் 10 விழுக்காடு வரை, சில வகைகளில் அதற்கும் சற்று மேலாக, பீட்டா கரோட்டின் சேர்கிறது. வேறெந்த உயிரும் இயற்கையில் இந்த அளவை நெருங்குவதில்லை. இது ஒளிச்சேர்க்கையில் நேரடியாகப் பங்குபெறும் கரோட்டின் அல்ல. பசுங்கணிகத்துக்குள், ஒளிச்சேர்க்கைச் சவ்வுகளுக்கு இடையில், கொழுப்புத் துளிகளில் கரைந்து கிடக்கும் மிகைச் சேமிப்பு. சினாய் தீபகற்பத்தின் பர்தவில் காயலிலிருந்து பென்-அமோட்சும் அவ்ரோனும் பிரித்தெடுத்த வகையில் நடந்த ஆய்வுகள் இதன் பணியைத் தெளிவாக்கின. கரோட்டின் நிறைந்த செல்கள் கடுமையான நீல ஒளியைத் தாங்கிப் பிழைத்தன. கரோட்டின் உறிஞ்சாத சிவப்பு ஒளியைக் கடுமையாகப் பாய்ச்சியபோது அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அதாவது, பச்சையத்தின் மேல் குடை பிடித்ததுபோல் கரோட்டின் துளிகள் நீல ஒளியை வடிகட்டுகின்றன.

தொழிலுக்கு மிக முக்கியமான கண்டுபிடிப்பு இதற்கு அடுத்தது. ஒரு செல் ஒருமுறை பிரிந்து அடுத்த முறை பிரிவதற்குள் மொத்தம் எவ்வளவு ஒளியை வாங்குகிறதோ, அதைப் பொறுத்தே அதன் கரோட்டின் அளவு அமைகிறது என்பதை பென்-அமோட்சும் அவ்ரோனும் 1980களின் தொடக்கத்தில் காட்டினர். ஆகவே ஒளியைக் கூட்டினாலும் கரோட்டின் கூடும். செல் பிரிவதைத் தாமதப்படுத்தினாலும் கூடும். நைட்ரேட் குறைந்தாலும், உப்பு ஏறினாலும், வெப்பநிலை சாதகமாக இல்லாவிட்டாலும் செல் பிரிவது தாமதமாகும். அத்தனையும் ஒரே விளைவில் முடிகின்றன. பச்சையாக இருந்த செல் ஆரஞ்சு நிறமாகிறது. இதன் மறுபக்கத்தைத் தொழில் தொடங்க விரும்புவோர் பலர் கவனிப்பதில்லை. பாசி நன்றாகப் பெருகும்போது அதில் கரோட்டின் இல்லை; கரோட்டின் நிறையும்போது பாசி பெருகுவதில்லை. இந்த முரணைச் சமாளிப்பதுதான் டுனாலியெல்லா வளர்ப்பு என்ற தொழில்நுட்பத்தின் சாரம். ஒரு வழி, முதல் கட்டத்தில் சத்துகளைத் தாராளமாகக் கொடுத்துப் பச்சைச் செல்களைப் பெருக்கி, இரண்டாம் கட்டத்தில் நீர்த்து, நைட்ரேட்டை நிறுத்தி, முழு வெயிலில் விட்டு நிறமேற்றுவது. மற்றொரு வழி, இரண்டையும் ஒரே குளத்தில் நடுத்தரமாக வைத்துக்கொண்டு, கிடைப்பதைத் தொடர்ந்து அறுவடை செய்வது.

வணிக முயற்சிக்கான கருத்து முதலில் 1960களில் சோவியத் உக்ரைனில் எழுந்தது. உண்மையான ஆலைகள் 1980களில் ஆஸ்திரேலியா, இஸ்ரேல், அமெரிக்கா ஆகிய நாடுகளில் தோன்றின. இவற்றில் இரண்டு போக்குகள் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹட் லகூன், தெற்கு ஆஸ்திரேலியாவின் வயல்லா ஆகிய இடங்களில் நூற்றுக்கணக்கான ஹெக்டேர் பரப்பில் ஆழமற்ற, எந்திரத்தால் கலக்கப்படாத குளங்கள் உள்ளன. காற்றே அலையை எழுப்பி நீரைக் கலக்குகிறது. அங்கே பாசி மிக அடர்த்தி குறைவாகவே வளரும். ஆனால் நிலமும் வெயிலும் கடல்நீரும் ஏறத்தாழ இலவசம். இஸ்ரேலின் எய்லத்தில் அமைந்த ஆலை எதிர்ப்போக்கைத் தேர்ந்தது. ஓட்டப்பாதை வடிவக் குளங்களில் சுமார் 20 சென்டிமீட்டர் ஆழ நீரைத் துடுப்புச் சக்கரங்களால் ஓடவிட்டு, கரியமில வாயுவைச் செலுத்தி, சத்துகளை அளந்து கொடுத்து, குறைந்த பரப்பில் நிறைய எடுப்பது அதன் வழி. இரண்டில் எது சிறந்தது என்று பொதுவாகத் தீர்ப்பளிக்க முடியாது. மழை அரிதான, மலிவான பெருநிலம் இருந்தால் முதலாவது. நிலம் குறைவாகவும் தொழில்நுட்பத் திறன் மிகுதியாகவும் இருந்தால் இரண்டாவது. ஒளி உட்புகும் மூடிய குழாய்களில் இதை வளர்க்கவும் முயன்றிருக்கிறார்கள். கரோட்டின் போன்ற பொருளுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் கட்டுப்படியாகாது என்பது என் கருத்து.

உப்பைத் தொழிலின் தடையாகப் பார்ப்பது தவறு. உண்மையில் அதுவே காவல். திறந்த குளத்தில் மற்ற நுண்பாசிகளை வளர்ப்பவர்களுக்குக் களைப் பாசிகளும் மேயும் உயிர்களும் பெரும் தொல்லை. இங்கே உப்பு 20 விழுக்காட்டுக்கு மேல் சென்றால், போட்டியிட வருபவை மிகச் சிலவே. உப்பு இறங்கினால் நிலைமை மாறும். கரோட்டின் சேர்க்காத டுனாலியெல்லா விரிடிஸ் போன்ற சிறிய பச்சை உறவினங்கள் வேகமாகப் பெருகிக் குளத்தைப் பிடித்துக்கொள்ளும். ஃபேப்ரியா சலைனா என்ற குறுயிழை உயிரி, சில அமீபாக்கள், உப்புநீர் இறாலான ஆர்டீமியா ஆகியவை பாசியை மேய்ந்து தீர்த்துவிடும். மிக உயர்ந்த உப்பில் இவை அடங்கும். ஆனால் பாசியின் வளர்ச்சியும் தளரும். ஆக, உப்பின் அளவை நிர்ணயிப்பது குளத்தை நடத்துபவர் அன்றாடம் எடுக்கும் முடிவு. பெருமழை ஒன்று பல வார உழைப்பைக் கலைத்துவிடக்கூடிய தொழில் இது.

அறுவடை அதைவிடக் கடினம். பொருளியல் கணக்கில் இந்தத் தொழில் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். செல்கள் மிகச் சிறியவை, நீந்துபவை, உப்புநீரின் அடர்த்தியோ செல்லின் அடர்த்திக்கு நெருக்கமானது. எனவே அவை தாமாக அடியில் படிவதில்லை. வடிகட்டியில் அழுத்தினால் சுவரில்லாத செல் உடைந்து, கரோட்டின் துளிகள் நீரோடு போய்விடும். ஒரு லிட்டர் குளத்து நீரில் 1 மில்லிகிராம் கரோட்டின் இருப்பதாக வைத்துக்கொண்டால்கூட, இழப்பே இல்லாமல் 1 கிலோகிராம் பெறுவதற்கு 10 லட்சம் லிட்டர் உப்புநீரைக் கையாள வேண்டும். பரந்த குளங்களில் கிடைக்கும் செறிவு இதைவிடவும் குறைவாக இருப்பதுண்டு. தீவிர முறையில் நடக்கும் ஆலைகள் மையவிலக்கு எந்திரங்களைப் பயன்படுத்துகின்றன. வேதிப்பொருளால் திரளச் செய்வதும், மிகுந்த உப்பில் செல்லின் மேற்பரப்பு நீரை வெறுக்கும் தன்மை பெறுவதைப் பயன்படுத்தி ஒட்டவைத்துப் பிரிப்பதும் பிற வழிகள். உப்புநீர் படும் ஒவ்வொரு குழாயும் எந்திரமும் அரிப்புக்கு உள்ளாகும் என்பதையும் முதலீட்டில் கணக்கிட வேண்டும். பிரித்தெடுத்த பசையைத் தாமதிக்காமல் கழுவி உலர்த்த வேண்டும். அல்லது நேரே எண்ணெயில் கரைக்க வேண்டும். காற்றும் வெளிச்சமும் பட்டால் கரோட்டின் விரைவில் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து வீணாகும். இதற்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. செல் சுவர் இல்லாததால், மற்ற பாசிகளைப் போல் செல்லை உடைப்பதற்கென்று தனிச் செலவு செய்ய வேண்டியதில்லை. சூடான தாவர எண்ணெயிலோ மீஉய்நிலைக் கரியமில வாயுவிலோ (மிகுந்த அழுத்தத்தில் திரவம்போல் கரைக்கும் நிலையிலுள்ள வாயு) கரோட்டின் எளிதாக வெளிவரும்.

இப்படிப் பெற்ற கரோட்டின் மூன்று வடிவங்களில் விற்பனையாகிறது: எண்ணெயில் கலந்த செறிவு, நீரில் கலக்கக்கூடிய பொடி, முழுப் பாசியை உலர்த்திய தூள். வெண்ணெய் போன்ற உணவுகளுக்கும் பானங்களுக்கும் நிறமூட்டவும், வைட்டமின் ஏ தரும் துணை உணவாகவும், கால்நடை, மீன், இறால் தீவனங்களிலும், ஒப்பனைப் பொருள்களிலும் இது பயன்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுச் சேர்க்கை எண்களில் இ160ஏ என்ற கரோட்டின் தொகுதிக்குள் பாசிக் கரோட்டினுக்கு நான்காவது உட்பிரிவு ஒதுக்கப்பட்டுள்ளது. ஆயினும் உலகச் சந்தையின் பெரும்பங்கு வேதித் தொகுப்பில் செய்த கரோட்டினுடையதே. சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனம் 1954இல் அதன் தொழில் உற்பத்தியைத் தொடங்கியது. தொகுப்பு முறையில் செய்வது மலிவு. தரமும் ஒரே சீராக இருக்கும். பாசிக் கரோட்டின் பிழைத்திருப்பது, இயற்கை மூலத்திலிருந்து வந்தது என்பதற்காகக் கூடுதல் விலை தர முன்வரும் வாங்குவோரால்தான். அதோடு அதன் கலவையும் வேறு. ஒரே மூலக்கூறு நேராக நீண்டிருந்தால் டிரான்ஸ் வடிவம், ஓரிடத்தில் வளைந்திருந்தால் சிஸ் வடிவம். தொகுப்பில் கிடைப்பது பெரும்பாலும் முழு டிரான்ஸ் வடிவம். பாசியில் அதற்கு ஏறத்தாழ இணையான அளவில் 9-சிஸ் வடிவமும் இருக்கிறது. 9-சிஸ் எண்ணெயில் எளிதாகக் கரையும். டிரான்ஸ் வடிவம் படிகமாகப் பிரிந்துவிடும் போக்குடையது. செல்லுக்குள் இவ்வளவு கரோட்டின் துளி வடிவில் நிலைத்திருப்பதற்கே 9-சிஸ் துணைசெய்கிறது என்று கருத இடமுண்டு.

உடல்நலம் பற்றிய கூற்றுகளில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பீட்டா கரோட்டின் நிறைந்த காய்களையும் கீரைகளையும் உண்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவாகக் காணப்பட்டதால், கரோட்டின் மாத்திரை புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கை 1980களில் பரவியது. அதைச் சோதிக்கப் பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது. நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உட்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது. புகைபிடிப்பவர்கள், முன்பு புகைபிடித்தவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் ஆகிய 18,314 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த மற்றொரு ஆய்வில் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏவும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. அதிலும் அதே திசையில் தீமை தெரிந்ததால், 1996 ஜனவரியில் திட்டமிட்டதற்கு முன்பாகவே நிறுத்தப்பட்டது. இவற்றில் கொடுக்கப்பட்டது தொகுப்புக் கரோட்டின் என்பதால் பாசிக் கரோட்டினுக்கு இது பொருந்தாது என்று விற்பனையாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. பாசிக் கரோட்டின் புகைபிடிப்பவர்களுக்குத் தீங்கற்றது என்று காட்ட அதே அளவிலான ஆய்வு எதுவும் நடத்தப்பட்டதில்லை. ஆகவே புகைபிடிப்பவர்களும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர்களும் எந்த மூலத்திலிருந்து வந்த கரோட்டின் மாத்திரையையும் தவிர்ப்பதே நலம். உணவில் சாதாரணமாக வரும் கரோட்டினைப் பற்றி இந்த அச்சம் தேவையில்லை. கரோட்டினை வைட்டமின் ஏவாக மாற்றுவதை உடல் தன் தேவைக்கேற்பக் கட்டுப்படுத்துவதால், மிகையாக உண்டால் தோல் மஞ்சள் பூப்பதைத் தவிர, வைட்டமின் ஏ நஞ்சாதல் ஏற்படுவதில்லை.

9-சிஸ் வடிவத்துக்கு மருத்துவத்தில் ஒரு தனி நியாயம் இருக்கலாம். கண்ணின் விழித்திரை ஒளியை உணரப் பயன்படுத்தும் மூலக்கூறு வைட்டமின் ஏயின் ஒரு சிஸ் வடிவம். அதை உருவாக்குவதில் குறைபாடு உள்ள சில பரம்பரை விழித்திரை நோய்களில், 9-சிஸ் பீட்டா கரோட்டின் நிறைந்த டுனாலியெல்லா தூளைக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகள் இஸ்ரேலில் நடந்தன. நிறமிப் படிவ விழித்திரை நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. அதில் சிலரிடம் விழித்திரையின் மின்துலங்கல், அதாவது ஒளி பட்டதும் விழித்திரை எழுப்பும் மின்குறிப்பு, மேம்பட்டது. இவை ஊக்கமளிக்கும் தொடக்கம். பங்கேற்றவர்கள் சிலரே என்பதால், இதை நம்பி யாரும் தாமாகத் தூளை வாங்கி உண்ணத் தொடங்கக் கூடாது. கண் மருத்துவரின் கண்காணிப்பு கட்டாயம்.

கிளிசராலை விற்கலாம் என்ற எண்ணம் 1970களின் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் வலுவாக இருந்தது. உலர் எடையில் பாதி வரை கிளிசரால் தரும் உயிர் என்றால் ஆசை எழுவது இயல்பே. ஆனால் மேலே சொன்ன அறுவடைச் செலவை, கரோட்டினின் விலை தாங்கும். கிளிசராலின் விலை தாங்காது. பின்னாளில் உயிரி டீசல் உற்பத்தி பெருகியபோது, அதன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கிளிசரால் துணைப்பொருளாக வந்து குவிந்தது. அத்துடன் பாசிக் கிளிசராலின் வணிக வாய்ப்பு முடிந்தது. எரிபொருள் எண்ணெயின் கதையும் இதே கணக்கில்தான் நின்றுவிடுகிறது.

ஒரே பொருளை நம்பாமல் பாசியிலிருந்து பலவற்றைப் பிரித்து விற்பது பொருளியல் சிக்கலுக்கு ஒரு விடையாகக் கருதப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியில் 2013 முதல் 2017 வரை கிரீனிச் பல்கலைக்கழகத்தின் தலைமையில் நடந்த டி-ஃபேக்டரி திட்டம் இதையே குறிக்கோளாகக் கொண்டது. கரோட்டினோடு கிளிசரால், புரதம், பிற கரோட்டினாய்டுகள் ஆகிய அனைத்தையும் ஒரே ஆலையில் பிரிப்பது அதன் நோக்கம். பிற கரோட்டினாய்டுகளில் இரண்டைக் குறிப்பிட வேண்டும். கரோட்டின் உருவாகும் வழியில் முன்னால் நிற்கும் ஃபைட்டோயீன் நிறமற்றது. புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதால் ஒப்பனைத் துறை அதில் ஆர்வம் காட்டுகிறது. விழித்திரையின் மையத்தில் சேரும் சியாசாந்தினை எப்போதும் சேர்த்துவைக்கும் திடீர்மாற்ற வகை ஒன்று 2003இல் விவரிக்கப்பட்டது. இப்படி ஒவ்வொரு பொருளையும் பிரிக்க ஒரு படி கூடும். படிக்குப் படி இழப்பும் செலவும் கூடும். எனவே இரண்டாவது பொருளின் விலை அந்தப் படியின் செலவையாவது ஈட்டுகிறதா என்று பார்த்தே இத்தகைய திட்டங்களை எடைபோட வேண்டும்.

மீன் வளர்ப்பில் டுனாலியெல்லா டெர்ஷியோலெக்டா உயிர்த்தீவனமாகப் பயன்படுகிறது. சுவரில்லாததால் எளிதில் செரிக்கும். ஆனால் கடல் குஞ்சுகளுக்கு இன்றியமையாத நீண்ட சங்கிலி ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் அதில் இல்லை என்பதால், வேறு பாசிகளோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். கடல்நீரில் கலக்கும் நச்சுகளின் விளைவைச் சோதிக்கும் உயிராகவும் இதே இனம் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

உப்பளத்தின் சூழலியலிலும் இதன் பங்கு பெரிது. செறிந்த உப்பு நிலைகளில் சூரிய ஒளியைக் கொண்டு கரிமப் பொருளை உண்டாக்கும் முதன்மை உயிர் பெரும்பாலும் இது ஒன்றே. இதன் செல்கள் சிதையும்போது வெளிவரும் கிளிசரால் அங்குள்ள ஆர்க்கியாக்களுக்கு உணவாகிறது. சாக்கடலில் 1980இலும் 1992இலும் கனமழை மேல்நீரை நீர்க்கச் செய்தபோது டுனாலியெல்லா திடீரென்று பெருகியதையும், அதைத் தொடர்ந்து ஆர்க்கியாக்கள் பெருகி நீரைச் சிவப்பாக்கியதையும் அகரான் ஓரெனும் அவருடைய குழுவினரும் பதிவுசெய்துள்ளனர். இன்னொரு வியப்பான செய்தி: அட்டகாமா பாலைவனத்தின் கரையோரக் குகை ஒன்றில், சிலந்தி வலைகளின் மேல் பனித்துளியை நம்பி வாழும் ஒரு டுனாலியெல்லா இனம் 2010இல் விவரிக்கப்பட்டது. ஈரம் கிட்டத்தட்ட இல்லாத இடமும் செறிந்த உப்புநீரும் செல்லின் பார்வையில் ஒரே இடர்தான். இரண்டிலும் நீர் எட்டாப் பொருள்.

மரபணு ஆய்வில் முன்னேற்றம் மெதுவாகவே வந்திருக்கிறது. சலைனாவின் பசுங்கணிக மரபணுத்தொகுதி 2010இல் வெளியாயிற்று. ஏறத்தாழ 2,69,000 காரப்பிணை (டிஎன்ஏ இழையின் நீளத்தை எண்ணும் அடிப்படை அலகு) நீளமுள்ள அதில் குறியீடற்ற பகுதிகள் வியக்கத்தக்க அளவில் மிகுந்திருந்தன. உட்கருவின் மரபணுத்தொகுதி 2017இல் வெளியானது. அது ஏறத்தாழ 34 கோடி காரப்பிணைகள் கொண்டது. சுவரில்லாத செல்லுக்குள் வெளி மரபணுவைச் செலுத்துவது எளிது என்று தோன்றும். செலுத்துவது இயலும், அது நிலைத்து நின்று போதிய புரதத்தைத் தருவதுதான் கடினம். தடுப்பூசிப் புரதங்களை இதில் தயாரிக்கும் முயற்சிகள் ஆய்வக அளவிலேயே இருப்பதற்கு இதுவே தலையாய காரணம்.

இதை வளர்த்துப் பார்க்க விரும்புவோருக்குக் கடைசியாக நடைமுறை சார்ந்த ஒன்று. டுனாலியெல்லா சலைனா என்ற பெயரில் கிடைக்கும் எல்லா வகைகளும் கரோட்டினைச் சேர்ப்பதில்லை. இந்தப் பேரினத்தில் பெயர்க் குழப்பம் மிகுதி. பர்தவில் வகையையே முன்பு தனி இனமாக எண்ணி, இப்போது பெரும்பாலோர் சலைனாவுக்குள் அடக்குகின்றனர். ஆகவே விதைப் பாசியை அங்கீகாரம் பெற்ற வளர்ப்புச் சேகரிப்பு நிலையத்திலிருந்து, அதன் வகை எண்ணோடு பெற வேண்டும். பெற்றதும் சிறு குடுவை ஒன்றில் நைட்ரேட் இல்லாத உப்புநீரில், நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு வாரங்களில் அது ஆரஞ்சு நிறமாக மாறாமல் பச்சையாகவே நின்றாலோ வெளிறினாலோ, அந்த வகையை நம்பிக் குளம் வெட்டக் கூடாது.